கோடாங்கிமேடு ரோட்டில் பன்னிரண்டு நிமிடம்

அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது நமக்குப் பிடிக்காத காரியம். ஆனால் நைனா பாய் கதை ஊரெல்லாம் சுற்றிவிட்டுத் தானாகவே நம் மூக்குக்குக் கீழே வந்து நின்றால், மூக்கைப் பொத்திக்கொண்டா உட்கார முடியும்?

சாத்தூருக்கும் விருதுநகருக்கும் நடுவில் கோடாங்கிமேடு ரோடு என்று ஒரு ரயில் நிலையம். ஸ்டேஷன் பேருக்குப் பின்னால் ‘ரோடு’ என்று ஒட்டியிருந்தால் ஊர் அங்கே இல்லை என்று பொருள். ஊர் மேற்கே இரண்டு கிலோமீட்டர். நாற்கரச் சாலையும் பஸ் நிறுத்தமும் கிழக்கே ஒரு கிலோமீட்டர். நடுவே சீமைக் கருவேலமும் இந்த ஸ்டேஷனும்தான். எந்தக் காலத்திலோ அந்த மேட்டில் ஒரு கோடாங்கி உடுக்கடித்துக் குறி சொன்னானாம். இப்போது அதே மேட்டில் ரயில்வேக்காரர்கள் ‘நொடிக்கு நொடி’ தகவல் மையம் திறந்திருக்கிறார்கள். கோடாங்கிக்காவது குறி தப்பினால் நாலு நாள் வெளியே தலைகாட்டக் கூச்சம் இருந்தது.

ஸ்டேஷனில் தண்ணீர்க் குழாய் ஒன்று. அதில் தண்ணீர் வராது. கூரை பாதி, மீதி வெயில். ஆனால் மின்பலகை நாலு. எந்தப் பக்கம் திரும்பினாலும் தகவல் முகத்தில் அடிக்கும்.

நைனா முகம்மதுவுக்கு ஊருக்குள் ஜவுளிக்கடை. கடையில் நைலானோ சில்க்கோ மருந்துக்குக்கூடக் கிடையாது, எல்லாம் பருத்தி. சுற்றிலும் பட்டாசுக் கம்பெனிகள். உள்ளே வேலை பார்க்கிற பெண்கள் பருத்திச் சேலைதான் கட்ட வேண்டும். நைலானில் பொறி விழுந்தால் சேலை வேறு தோல் வேறு என்று பிரிக்க முடியாது. அதனால் பாய்க்கு வியாபாரம் சுமாராக ஓடியது. யாரோடும் வம்பில்லாத மனுஷர். எழுதி வைத்திருப்பதை அப்படியே நம்புவார். அந்த ஒரு கெட்ட பழக்கம்தான்.

சித்திரை வெயில் கொளுத்திய ஒரு நாள், விடிகாலை பஜர் தொழுதுவிட்டு வந்தவருக்குத் திண்டுக்கல்லில் இருந்து போன். அக்கா பைரோஜா மௌத்தாகிவிட்டாள். அஸர் தொழுகை நாலே முக்காலுக்கு. தொழுகை முடிந்ததும் அடக்கம்.

பெண் மையத்தை, அதாவது உடலை, கபர்க் குழிக்குள் இறக்க, நெருங்கிய ரத்த உறவுள்ள ஆண் கை வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அக்காவுக்குப் பிள்ளை குட்டி இல்லை. புருஷன் போய்ப் பத்து வருஷம். இருப்பது இந்த ஒரு தம்பி. போன பெருநாளைக்குப் போயிருந்தபோதுகூட, பிரியாணியைத் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னாள்: “ஏலே நைனா, என்னைய நீதாம்லே எறக்கணும். அசல் ஆளு கையில விட்றாத.”

“சோத்தப் போடுக்கா மொதல்ல” என்று அதட்டிவிட்டு வந்திருந்தார்.

பஸ்ஸில் போனால் மதுரையில் இறங்கி மாறி, மூன்றரை மணி நேரம். ரயிலில் போனால் இரண்டே கால். பதினொன்று இருபது வண்டியைப் பிடித்தால் ஒன்று முப்பத்தைந்துக்குத் திண்டுக்கல். அக்கா முகத்தைப் பார்த்து அழக்கூட நேரம் இருக்கிறது. பாய் கணக்குப் போட்டதில் தப்பே இல்லை. பதினொன்றுக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்.

பலகையில் செக்கச்செவேலென்று எழுத்து ஓடியது: ‘வண்டி இன்னும் 12 நிமிடங்களில் வரும்.’

பன்னிரண்டு, பதினொன்றானது. ஒன்பதானது. நாலுக்கு வந்தது. பாய் பையைத் தோளில் மாட்டி எழுந்து நின்றார். மூன்று. பலகை ஒரு தடவை கண்ணைச் சிமிட்டி ‘மறுமதிப்பீடு’ என்றது. பிறகு: ‘12 நிமிடங்களில் வரும்.’

பாய் உட்கார்ந்தார்.

பக்கத்து பெஞ்சில் ஆவுடைத்தாய். பாய் கடைக்கு இருபது வருஷத்து வாடிக்கை. அக்கா மௌத்தானதையும் தான் இறக்கப் போவதையும் பாய் அவளிடம் சொல்லியிருந்தார். பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற வேலை. இடது கையில் முழங்கை வரைக்கும் கட்டு. மதுரை ஆஸ்பத்திரிக்குக் கட்டு மாற்றப் புறப்பட்டு வந்திருந்தாள். பலகை மூன்றாவது தடவை பன்னிரண்டுக்குத் திரும்பியதும் எழுந்துவிட்டாள்.

“பாய், எந்திரிங்க. ரோட்டுக்கு நடந்தா பஸ்ஸு வரும்.”

“இரு தாயி. இன்னும் பன்னெண்டு நிமிசம்தான் போட்டிருக்கு.”

“போட்டிருந்தா?”

“போட்டிருக்காகள்ல?”

ஆவுடைத்தாய் சிரித்தாள். “எங்க கம்பெனியில ஒவ்வொரு ரூமு வாசல்லயும் போர்டு உண்டு பாய். ‘இந்த அறையில் நான்கு பேர்’னு பெயிண்டுல அம்புட்டு அழகா எழுதியிருப்பாக. உள்ள ஒம்பது பேர் இருப்போம். ஆபீசர் வந்து போர்டப் பாத்துட்டு, சரியா இருக்குன்னு எழுதிக்கிட்டுப் போவாரு. வெடிச்ச அன்னைக்கும் போர்டு சரியாத்தான் இருந்துச்சு. சொவருதான் இல்ல.” கட்டுப் போட்ட கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். “போர்ட நம்புனா நான் எப்பவோ போயிருப்பேன். வாங்க.”

அப்போது மணி பன்னிரண்டு. அவளோடு போயிருந்தால் மூன்றரைக்குத் திண்டுக்கல். பாய்க்கும் அது தெரியும். ஆனால் பேச்சுக்கு நடுவே பலகை நாலு நிமிஷத்துக்கு இறங்கி நிற்கிறது. நாலு நிமிஷத்தில் வருகிற ரயிலை விட்டுவிட்டு எவனாவது ஒரு கிலோமீட்டர் வெயிலில் நடப்பானா? நீங்கள் நடப்பீர்களா? நாமும் நடக்க மாட்டோம். பெரிய புத்திசாலி மாதிரி பேசுவதெல்லாம் பிறகுதான்.

ஆவுடைத்தாய் தண்டவாளத்தைத் தாண்டிப் போய்விட்டாள். பலகை பன்னிரண்டுக்குத் திரும்பியது.

பாய் தகவல் மையத்து ஜன்னலுக்குப் போனார். உள்ளே குளிர்சாதனத்தில் லட்சுமிகாந்தம் இருந்தார். மேஜையில் பெயர்ப்பலகை: ‘முதுநிலைப் பயணியர் முடிவு வழிகாட்டி.’ பதவிப் பெயரே மேஜைக்கு அந்தப் பக்கம் வரை நீண்டிருந்தது.

“சார், வண்டி எங்கன வருது?”

“தகவல் வேணும்னா பதிவு பண்ணணும்” என்றார் லட்சுமிகாந்தம். பேச்சில் தேன் ஒழுகியது. “பயணத்தின் நோக்கம்?”

“மௌத்து சார். எங்க அக்கா.”

லட்சுமிகாந்தம் திரையில் தேடினார். “திருமணம், சுற்றுலா, கல்வி, வியாபாரம், குடும்ப விழா. இதுல எது?”

“மையத்து அடக்கம் சார்.”

“அது பட்டியல்ல இல்லீங்க. குடும்பத்தார் எல்லாரும் வருவாங்கள்ல?”

“வருவாக.”

“அப்போ குடும்ப விழா.” தட்டிவிட்டார்.

பாய் சட்டைப்பையில் போன் டிங் என்றது. ‘அன்பார்ந்த நைனா முகம்மது! உங்கள் குடும்ப விழாவுக்கு இனிய வாழ்த்துகள். உங்கள் வண்டி இன்னும் 12 நிமிடங்களில்.’

அதைப் படித்து முடிக்கும் முன் திண்டுக்கல்லில் இருந்து சாபிர் கூப்பிட்டான். அக்காவின் கொழுந்தன் மகன். “மாமா, நீங்க விருதுநகர் தாண்டிட்டீகன்னு காட்டுதே. சாப்பிட்டீகளா?”

“நான் இங்கனதாம்ப்பா உக்காந்திருக்கேன். வண்டியே வரல.”

“இல்ல மாமா, செல்லுல பச்சைப் புள்ளி நகந்துக்கிட்டே இருக்கு. நல்லாப் பாருங்க, நீங்க வண்டிக்குள்ளதான் இருப்பீக.”

பாய் நல்லாப் பார்த்தார். எதிரே கருவேலமரத்தில் காக்கா ஒன்று உட்கார்ந்திருந்தது. “இல்லப்பா. ஸ்டேஷன்லதான் இருக்கேன்.”

மறுமுனையில் சாபிர் யாரிடமோ, “மாமா அதிர்ச்சியில இருக்காரு போல” என்று சொன்னது கேட்டது.

மணி பன்னிரண்டே முக்கால். இனி பஸ்ஸில் போனாலும் நாலே காலுக்குச் சேரலாம். அஸருக்கு அரை மணி இருக்கும். பாய் துண்டை உதறித் தலையில் போட்டுக்கொண்டு எழுந்தார். பிளாட்பார எல்லையைத் தாண்டக் கால் வைத்ததும் ஒலிபெருக்கி, ஒரு பெண் குரலில், பெயர் சொல்லிக் கூப்பிட்டது: “பயணி நைனா முகம்மது கவனத்திற்கு. உங்கள் வண்டி முந்தைய நிலையத்தை விட்டுப் புறப்பட்டுவிட்டது.”

முந்தைய நிலையம் ஏழு கிலோமீட்டர். பாய் திரும்பி வந்தார்.

ஒண்ணே கால் ஆயிற்று. வரவில்லை. மறுபடி கிளம்பினார். மறுபடி பெயர் சொல்லிக் கூப்பிட்டது. இந்த முறை லட்சுமிகாந்தமே குடை பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தார்.

“சார், சார், இன்னைக்கு மட்டும் போயிடாதீங்க. காலையிலேர்ந்து நூத்திப்பத்துப் பேர் பதிவு. ஒரே ஒரு அம்மாதான் வெளியேற்றம்.”

“சார், உண்மையச் சொல்லுங்க. வண்டி எப்ப வரும்?”

லட்சுமிகாந்தத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. இப்படிக் கேட்க ஆள் கிடைக்காமல் எத்தனை நாள் தவித்தாரோ.

“உண்மையைச் சொல்லியும் பார்த்தோம் சார். போன வருஷம் முழுக்க. ரெண்டு மணி நேரம் தாமதம்னு பலகையில போட்டா, நூத்துக்குத் தொண்ணூறு பேர் எந்திரிச்சு பஸ்ஸுக்குப் போயிட்டாங்க. அப்பத்தான் மேலிடத்துக்குத் தெளிவாச்சு: மக்களுக்கு உண்மையைக் கையாளப் பயிற்சி பத்தாது. அப்புறம் ஒரு வல்லுநர் குழு உக்காந்து ஆராய்ஞ்சுச்சு. அஞ்சு நிமிஷம்னா எல்லாரும் எந்திரிச்சு நின்னு கால் வலிக்குதுன்னு சண்டைக்கு வர்றாங்க. பதினஞ்சுன்னா டீ குடிக்க ரோட்டுக்குப் போறாங்க; போன எடத்துல பஸ்ஸைப் பாத்துடறாங்க. பன்னெண்டுதான் சார்! பன்னெண்டு நிமிஷத்துல மனுஷன் எங்கேயும் போக மாட்டான். எத்தனை தடவை சொன்னாலும் போக மாட்டான். இது அறிவியல்.”

“அப்ப வண்டி?”

“வண்டி வேற துறை சார். நாங்க தகவல்.”

பாய் கண்ணைச் சுருக்கித் தெற்கே பார்த்தார். கானல் நீருக்கு நடுவில், வெளிச் சிக்னலுக்கு அந்தப் பக்கம், நீலமாய் நீளமாய் ஒன்று நின்றுகொண்டிருந்தது. ரயில்.

“சார், அந்தா நிக்குதுல்ல அது என்னது? எம்புட்டு நேரமா நிக்குது?”

லட்சுமிகாந்தம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. “கண்ணால பாக்கறது அதிகாரபூர்வத் தகவல் ஆகாது சார். பலகையைப் பாருங்க.” பிறகு, பாய் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, குரலைத் தாழ்த்தினார். “உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. நாமதான் நிறுத்தி வச்சிருக்கோம். இன்னைக்கு ஆய்வுக்குழு வருது. தாமத நேரத் தகவல் சேவையில நம்ம ஸ்டேஷன் முதல் பரிசுக்குத் தேர்வாகியிருக்கு. தாமதமே இல்லாம தாமதத் தகவலை அவங்க எப்படி ஆய்வு செய்வாங்க? நீங்களே சொல்லுங்க.”

பாய் தெற்கே இருந்து கண்ணை எடுக்கவில்லை. “குழு எப்ப வரும்?” என்றார்.

“இன்னும் பன்னெண்டு நிமிஷத்துல.”

குழு இரண்டரைக்கு வந்தது. காரில். ரயிலில் வருவதாகத்தான் இருந்தார்களாம். செல்லில் பார்த்தபோது ஏதோ வண்டி தாமதம் என்று காட்டியதால் நம்ப முடியாமல் ரோட்டு வழியாக வந்துவிட்டார்கள். மூன்று பேர், ஒரு மாலை, துணி போட்டு மூடிய கேடயம், ஒரு புகைப்படக்காரர். குழுத்தலைவர் பலகையைப் பார்த்தார். எழுத்து தெளிவாக இருக்கிறது என்றார். பெஞ்சுகளைப் பார்த்தார். நூற்றி ஒன்பது பேரும் இருக்கிறார்கள் என்று எண்ணச் சொல்லி மகிழ்ந்தார். வெளிச் சிக்னலில் நின்ற வண்டியை மூவரில் ஒருவரும் பார்க்கவில்லை. அது அவர்கள் படிவத்தில் இல்லை.

“திருப்தியடைந்த பயணி ஒருத்தர் வேணும்” என்றார் புகைப்படக்காரர். லட்சுமிகாந்தம் வேட்டி சட்டையில் கௌரவமாக இருந்த பாயைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினார்.

குழுத்தலைவர் கனிவாகக் கேட்டார்: “இந்தத் தகவல் இல்லாம இருந்திருந்தா நீங்க என்ன செஞ்சிருப்பீங்க?”

“பன்னெண்டு மணி பஸ்ஸுக்குப் போயிருப்பேன் சார்” என்றார் பாய். “இந்நேரம் எங்க அக்கா பக்கத்துல இருந்திருப்பேன்.” சொல்லிக்கொண்டே கைக்கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினார். அந்த நொடி பளிச்சென்று வெளிச்சம் அடித்தது.

“பாத்தீங்களா?” குழுத்தலைவர் மற்ற இருவரையும் பார்த்துத் திரும்பினார். “போக முடிவு பண்ணவரையே இருக்க வச்சிருக்கு. இதுதான் நாம எதிர்பார்த்த விளைவு. எழுதிக்குங்க.”

எழுதிக்கொண்டார்கள். கேடயத்தின் துணியை விலக்கினார்கள். கைதட்டச் சொன்னதும் நூற்றி எட்டுப் பேர் கைதட்டினார்கள். கைதட்டினால் வண்டியை விடுவார்களோ என்ற ஆசைதான்.

மூன்று மணி பத்து நிமிஷத்துக்கு வண்டி உள்ளே வந்தது. பலகை அப்போதும் ‘12 நிமிடங்களில்’ என்றே சொல்லிக்கொண்டிருந்ததால் இரண்டு பேர் ஏறவில்லை என்று கேள்வி.

பாய் ஏறியதும் போன் போட்டார். இந்தத் தடவை திண்டுக்கல் ஜமாத் செயலாளர் அப்துல் ஹக்கீமே பேசினார். நியாயமான மனுஷர்.

“வெயிலு கடுமையா இருக்கு நைனா. மையத்தை ரொம்ப வைக்கக் கூடாது. ஆனா கூடப்பிறந்தவன் நீ ஒருத்தன்தான். வண்டி வருதுன்னா பொழுது அடைஞ்சு மக்ரிபு தொழுறதுக்கு முந்தி வரைக்கும் நிறுத்தி வைக்கலாம். அஞ்சரைக்கு வந்துருவியா?”

“வந்துருவேன் பாய். ஏறிட்டேன். சத்தங்கூடக் கேக்குதுல்ல?”

“கேக்குது, கேக்குது. சாபிரு செல்லுல பாத்துக்கிட்டேதான் இருக்கான். வண்டி ஓடுறதாக் காட்டிக்கிட்டு இருக்குற வரைக்கும் தூக்க மாட்டோம். மனசத் தைரியமா வச்சுக்க.”

காலையிலிருந்து முதல் தடவையாக பாய் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். விருதுநகர் போயிற்று. திருமங்கலம் போயிற்று. நாலு நாற்பதுக்கு மதுரை. அக்கா கல்யாணமாகித் திண்டுக்கல் போனபோது இதே பாதையில் பெட்டி தூக்கிக்கொண்டு கூடப் போனது ஞாபகம் வந்தது. இரண்டு கைகளையும் மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டார். கபருக்குள் நின்று தலைமாட்டுப் பக்கம் தாங்க வேண்டும். தோள் வலி இருக்கிறது, தாங்கிவிடலாம் என்று நினைத்தார்.

மதுரை தாண்டி வைகைப் பாலத்தின் மேல் வண்டி தடதடத்தபோது போன் டிங் என்றது.

‘அன்பார்ந்த நைனா முகம்மது! நீங்கள் பயணம் செய்யும் வண்டி இன்று ரத்து செய்யப்பட்டுள்ளது. சிரமத்திற்கு வருந்துகிறோம்.’

இரண்டு தடவை படித்தார். ஜன்னலுக்கு வெளியே மரங்கள் ஓடின. டிக்கெட் பரிசோதகர் வந்தார். பாய் போனை நீட்டினார். “சார், இந்த வண்டி ரத்துன்னு வருது.”

பரிசோதகர் வாங்கிப் பார்த்தார். தன் கையிலிருந்த கருவியையும் தட்டிப் பார்த்தார். “ஆமா, ரத்துதான்.”

“அப்ப நாம எதுல போயிட்டிருக்கோம்?”

“மூணு மணி நேரத்துக்கு மேல தாமதமான வண்டி மாசக் கணக்கைக் கெடுத்துரும் பாய். ரத்துன்னு போட்டுட்டா தாமதத்துல வராது. அதுவும் இன்னைக்குப் பரிசு வாங்கின ஸ்டேஷன் வழியா வந்த வண்டி. தாமதம்னு எப்படிக் காட்டுவாங்க?”

“சார், அங்கன இதப் பாத்துத்தான் மையத்த வச்சிருக்காக. நீங்க யாருக்காச்சும் சொல்லி மாத்தச் சொல்லுங்க.”

“ரத்தான வண்டியில எனக்கு டூட்டியே இல்லையே” என்றார் பரிசோதகர். யோசித்துப் பார்த்தார், சரியாகத்தான் பட்டது போல. தொப்பியைக் கழற்றிவிட்டு எதிர் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

பாய் சாபிரைக் கூப்பிட்டார். மணி நாலு நாற்பத்தொன்பது. அஸர் தொழுகை தொடங்கியிருக்கும். பள்ளிவாசலுக்குள் போனால் போனை அணைத்துவிடுவார்கள். அது நல்ல பழக்கம், குறை சொல்ல முடியாது. அப்துல் ஹக்கீமைக் கூப்பிட்டார். அணைத்திருந்தது. அஸர் முடிந்த கையோடு இறந்தவருக்கான ஜனாஸா தொழுகை. அது முடிந்தால் தோளில் தூக்கிவிடுவார்கள். பதினேழு தடவை கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் ஒரு பெண் குரல், அழைத்த நபர் தொடர்பில் இல்லை என்று உடனுக்குடன் தகவல் சொன்னது.

ரத்தான வண்டி ஐந்து இருபத்தைந்துக்குத் திண்டுக்கல்லுக்குப் போய்ச் சேர்ந்தது. பாய் ஆட்டோவில் கபரஸ்தானுக்குப் போனபோது ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். மண் குவித்து, தண்ணீர் தெளித்து, தலைமாட்டில் பச்சைக் கிளை நட்டு எல்லாம் முடிந்திருந்தது. ஈரம் காயவில்லை.

சாபிர்தான் முதலில் பார்த்தான். பேயைப் பார்த்த மாதிரி நின்றான். “மாமா! எதுல வந்தீக?”

“ரயில்ல.”

“ரத்துன்னு காட்டுச்சே மாமா. இந்தா பாருங்க, இப்பவும் ரத்துன்னுதான் இருக்கு. எறங்கி பஸ்ஸு புடிச்சு வரணும்னா ராத்திரியாயிரும்னு...”  நீட்டிய போனைத் திரும்ப இழுத்துக்கொள்ளத் தெரியாமல் நின்றான்.

அப்துல் ஹக்கீம் கைகளில் மண்ணோடு வந்து பாயைக் கட்டிக்கொண்டார். “தொழுகைக்கு நிக்கிறப்பத்தான் ரத்துன்னு வந்துச்சு நைனா. நானும் இன்னும் ரெண்டு பேரும் எறக்குனோம். நல்லபடியாத்தான் எறக்குனோம்.”

பாய் தலையாட்டினார். குனிந்து மூன்று பிடி மண் அள்ளிப் போட்டார். நான்காவது பிடி அள்ளி, போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். சட்டைப்பை டிங் என்றது. யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. மறுநாள் பார்த்தபோது கேள்வி ஒன்றுதான் இருந்ததாம்: ‘இன்றைய தகவல் உங்கள் முடிவுக்கு உதவியதா?’ பதில் சொல்ல இரண்டு இடம்: ‘உதவியது’, ‘மிகவும் உதவியது’.

பத்து நாள் கழித்து ஆவுடைத்தாய் கடைக்கு வந்தாள். கைக்கட்டு சின்னதாகியிருந்தது. திரும்ப வேலைக்குப் போகச் சேலை எடுக்க வந்திருந்தாள். பாய் ஒரு கட்டம் போட்ட பருத்திச் சேலையை மடித்துப் பழைய செய்தித்தாளில் வைத்தார். தாளில் கேடயம், மாலை, லட்சுமிகாந்தம். நடுவில் கையைத் தூக்கிக் கடிகாரம் காட்டும் பாய். கீழே எழுதியிருந்தது: ‘தகவல் சேவையைப் பாராட்டும் பயணி.’

“அட, பேப்பர்ல வந்திருக்கீக பாய்! நல்லா விழுந்திருக்கீக.”

“ம்.”

“அன்னைக்கு வெரசாப் போய்ச் சேந்தீகளா? அக்காவ எறக்குனீகளா?”

பாய் படம் உட்பக்கம் போகும்படி தாளைத் திருப்பி மடித்தார். சணலை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடி போட்டார்.

“மத்தவுக எறக்குனாக தாயி” என்றார்.

ஆவுடைத்தாய் பொட்டலத்தை வாங்கி, நல்ல கையில் இடுக்கிக்கொண்டு, ‘நான்கு பேர்’ என்று எழுதியிருக்கும் ரூமுக்கு ஒன்பதாவது ஆளாகப் போனாள்.